அப்பாவின் கல்லீரலும் ஒரு கட்டுப் படிவமும்

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் நான்கு நாள் மருத்துவமனையிலேயே கழிந்தது. அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் எழுதியிருந்தார்கள்.

முதல் நாள் வீண். கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று பதிவு செய்தபோது யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டால் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, அளவு ஏறிக் காட்டுமாம். மறுநாள் பத்து நிமிடத்தில் முடிந்தது. வலது விலா இடுக்கில் கருவியை வைத்துப் பத்துத் தட்டு, வலியே இல்லை. 9.6 கிலோபாஸ்கல். "எடையைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். எவ்வளவு, ஏன், ஒன்றும் கிடையாது.

அப்புறம் மாடியில் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். ஒரு மருந்து ஆய்வுக்கு அப்பா பொருந்தலாமாம். அங்கே சிஸ்டர் ஒருவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் வீக்கம் தணியும், பலருக்குக் கல்லீரலில் விழுந்த தழும்பும் குறையும் என்பதை அவர் வாயால்தான் கேட்டோம்.

"மாத்திரைன்னு வெறும் மாவைக் குடுத்துட்டா?" என்றார் அப்பா.

"குடுக்கலாம் ஐயா. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

அப்பாவுக்கு அது மோசடியாகப் பட்டது. இரவு ரெஸ்மெடிரோம் கதையைச் சொன்னேன். கொழுப்பால் கல்லீரல் வீங்கித் தழும்பாகும் இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற மருந்து, 2024 மார்ச்சில். அதன் ஆய்வில் 52 வாரம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் அளவு எடுத்தவர்களில் 29.9 சதவீதம் பேருக்குத் தழும்பு கூடாமல் வீக்கம் தணிந்திருந்தது. வெற்று மாத்திரைக்காரர்களிலும் 9.7 சதவீதம் பேருக்கு அப்படியே! அவர்கள் இல்லாவிட்டால் மருந்து செய்தது எது, தானாக நடந்தது எது என்று யாருக்குத் தெரியும்?

அப்பா சேரவிருந்த ஆய்வில், கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் உறுத்தியது. ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. ஊசியில் வருவது கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் ரத்தக் கசிவு அபாயம் உண்டு. ஒப்புதல் படிவத்தில் அதை மறைக்கவில்லை.

படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி வந்ததும், "அதை இன்னொரு தரம் படி" என்றார். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். பயாப்ஸி, நான் விமானம் ஏறி இரண்டு நாள் கழித்து. அக்கா கூடப் போகிறாள்.