கோபாலபுரம் தாண்டி போர்டு இல்லாத கடை: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

முதல்லயே சொல்லிர்றேன், இந்தக் கடைல செடிக்கு அடிக்கற மீன் அமிலமும் தேமோர் கரைசலும் யோசிக்காம வாங்கலாம், பாத்திரம் கழுவற லிக்விட் வேண்டாம். அவசரத்துல இருக்கறவங்க இதோட போயிக்கலாம், மத்தவங்க படிங்க.

பொள்ளாச்சில இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போற ரோட்டுல ஒரு ஓட்டு வீடு, வாசல்ல நீல ட்ரம் வரிசையா நிக்கும், அதான் கடை. போர்டு கிடையாது. கேரளாக்குள்ள இருந்தாலும் மலையாளம் தெரியலையேன்னு கவலப்பட வேண்டாம், அந்தப் பக்கம் நம்ம பேச்சு பேசறவங்க தான் ஜாஸ்தி. நடத்தறது ஒரு அக்கா, ட்ரம் கலக்கறது வடிகட்றதெல்லாம் அவங்க வீட்டுக்காரர். எல்லாம் வீட்ல ஊறப் போட்டது, அரைச்சது, காய்ச்சினது தான். லேபிள் இருக்காது, வெள்ளை டேப்ல பேனால பேரும் தேதியும் எழுதி ஒட்டியிருப்பாங்க. ஆனா தேதிய மட்டும் ஒழுங்கா எழுதறாங்க, பெரிய கடைங்கள்ல கூட இத பாக்க முடியறதில்ல.

மீன் அமிலம் தான் இங்க ஹீரோ. மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை போட்டு மூடி வச்சு மூணு நாலு வாரம் கழிச்சு வடிகட்டறது, செய்முறை எல்லாருக்கும் தெரியும், செய்ய தான் யாருக்கும் தைரியம் இல்ல. மொதல் ஒரு வாரம் அந்த நாத்தத்துக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துருவாங்க, பூனை வேற சுத்தி சுத்தி வரும். இந்த அக்கா கிட்ட ஊருக்கு ஒதுக்குப்புறமா இடம் இருக்கறதால அந்தக் கஷ்டத்த நமக்காக அவங்க படறாங்க, அதுக்கு லிட்டர் 150 ரூபா குடுக்கறது நியாயம் தான். நல்லா ஆனதுக்கு அடையாளம் மீன் கவிச்சி போயி பழுத்த பழ வாசம் வரணும், இவங்க கேன தொறந்தா அந்த வாசம் தான் வருது. லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, காலைலயோ சாயங்காலமோ வெயில் இல்லாதப்போ அடிக்கணும்.

"ஏனுங்க்கா, இது ரோஜாவுக்கு அடிக்கலாங்களா"ன்னு கேட்டேன். "அடி கண்ணு, யாரு வேண்டாங்கறா, ஆனா எல தான் கொழுக்கும், பூ வேணும்னா தேமோர் எடுத்துட்டுப் போ"ன்னாங்க. ரெண்டுல வெல ஜாஸ்தி மீன் அமிலம் தான், கம்மி வெல இருக்கறத கை காட்டி விட்டாங்க பாருங்க, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

தேமோர்ங்கறது தேங்கா பாலும் புளிச்ச மோரும் சமமா கலந்து ஒரு வாரம் புளிக்க விடறது. பூ உதிர்ற மொளகா, தக்காளி, அவரைக்கெல்லாம் நல்லா கேக்குது. இந்தப் பக்கம் தேங்காய்க்கு பஞ்சம் இல்ல, அதனால பாலுல தண்ணி காட்டாம திக்கா புழியறாங்க. வாங்கினா சீக்கிரம் தீத்துருங்க, வெய்ய நாள்ல கேன் உப்பிக்கும். இதே மோர்ல அரப்புத் தூள் போட்டு புளிக்க வச்ச அரப்பு மோர் கரைசலும் இருக்கு, வாரம் ஒருக்கா தலைக்கு தேக்கற அதே அரப்பு தான், செடிக்கும் ஊத்தலாம்.

பஞ்சகவ்யா சுமார் ரகம். கொடுமுடி டாக்டர் நடராஜன் சொல்லி நம்ம பக்கம் பரவின முறை தான், சாணி, கோமியம், பால், தயிர், நெய்யோட எளநி, வாழப்பழம், கரும்புச்சாறு எல்லாம் போடறாங்க, சரக்குல குறை சொல்ல முடியாது. ஆனா வடிகட்டல் சரியில்ல. 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து ஸ்ப்ரேயர்ல ஊத்தினா பாதில நாசில் அடைச்சுக்குது, நாம தான் மறுபடி வேட்டித் துணில வடிகட்டணும். வேருக்கு ஊத்தறவங்களுக்கு இது பிரச்சனையே இல்ல.

வேப்பெண்ணெய் பூண்டு கரைசல் ரெடிமேடா பாட்டில்ல வச்சிருக்காங்க, செடி சரக்குல இது மட்டும் எனக்கு ஒத்துக்கல. எண்ணெயும் தண்ணியும் சோப்பு போட்டு கலந்தது நாலு நாள்ல பிரிஞ்சு மேல ஒரு படலம் நிக்கும், அத அப்படியே அடிச்சா எண்ணெய் ஒரே எடத்துல விழுந்து எல கருகிரும். இதெல்லாம் கலக்கின அன்னைக்கே அடிச்சு முடிக்க வேண்டியது, விக்கற சரக்கே இல்ல. வீட்லயே லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைச்சு வடிச்ச சாறு, 5 கிராம் பார் சோப்பு கரைச்சது, அஞ்சு நிமிஷ வேலை. அக்கா கிட்டயே சொன்னேன், "கேக்கறவங்க கேக்கறாங்க கண்ணு, கலக்க சோம்பேறித்தனம்"னு சிரிச்சாங்க. வெறும் வேப்பெண்ணெய் தனியா விக்கறாங்க, அத வாங்கிக்கோங்க.

பொள்ளாச்சிக்காரங்களுக்கு வெள்ளை ஈ பத்தி சொல்லவே வேண்டாம், 2016ல இந்தியாலயே மொதல்ல நம்ம தென்னைல தான் அந்த சுருள் வெள்ளை ஈய கண்டுபிடிச்சாங்க, இப்ப கொய்யா, வாழைன்னு எல்லாத்துலயும் வருது. அது கழியற தேன் மாதிரி கழிவு கீழ் எலைல விழுந்து கரும்பூசணம் அப்பிக்கும். அதுக்கு என்ன குடுப்பீங்கன்னு கேட்டதுக்கு அக்கா எதையும் எடுத்துக் குடுக்கல. லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதா மாவ கஞ்சியா காய்ச்சி ஆறினப்புறம் எல மேல அடி, காஞ்சு பொறுக்கு கெளம்பறப்ப கருப்பும் சேந்து உதிரும், அதுக்கு எதுக்கு எங்கிட்ட காசு குடுக்கறன்னுட்டாங்க. வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்றதும் இதே தான்.

இனி சமையல்கட்டு சாமான். பூந்திக்கொட்டை லிக்விட் லிட்டர் 120. கைக்கு எதமா தான் இருக்கு, டீ டம்ளர் தட்டுக்கெல்லாம் போதும், ஆனா கறிக்கொழம்பு வச்ச சட்டிக்கு ஆகாது, ரெண்டு தடவை தேக்கணும். அதுக்கு மேல கெமிக்கல் எதுவும் போடாததால வெளிய வச்சா சீக்கிரம் கெட்டு வாடை வந்துருது, ஃப்ரிட்ஜுல பாத்திரம் கழுவற தண்ணிக்கு எடம் ஒதுக்கணுமாம், எங்க வீட்ல மாவுச்சட்டிக்கே எடம் இல்ல. காஞ்ச கொட்டையா வாங்கிட்டு வந்து தேவைக்கு கொதிக்க வச்சுக்கறது எவ்வளவோ மேல்.

பழத்தோல் என்சைம் நல்லா இருக்கு. வெல்லம் 1, எலுமிச்ச ஆரஞ்சு தோல் 3, தண்ணி 10ங்கற கணக்கு, மூணு மாசம். வீட்ல போடறவங்க மொத மாசம் தெனமும் மூடிய தொறந்து கேஸ விடணும், அதுக்கு பொறுமை இல்லாதவங்க இங்க வாங்கலாம். தர, சிங்க், பாத்ரூம் எல்லாத்துக்கும் ஓகே. மார்பிள்ல மட்டும் ஊத்திராதீங்க, புளிப்பு பட்டு பளபளப்பு போயிரும்.

கள்ளு வினிகர் தான் நான் எதிர்பாக்காத ஐட்டம். பாலக்காடு சித்தூர் பக்கத்து கள்ளு தான் கேரளா பூரா போகுது, புளிச்சு மிஞ்சினத அப்படியே வினிகராக்கிர்றாங்க. நம்ம பக்கம் 1987ல இருந்தே கள்ளுக்குத் தடை, அதனால எல்ல தாண்டினா தான் இந்த ருசி. மீன் ஊறுகாய்க்கு இத ஊத்திப் பாருங்க, கடைல விக்கற வெள்ளை வினிகரோட அந்த மூக்க குத்தற காரம் இதுல இல்ல. சில பேர் இதையும் சோடா உப்பையும் ஒண்ணா கலந்து சிங்க்ல ஊத்தறாங்க, நொர வரும் அவ்வளவு தான், ஒண்ண ஒண்ணு அடிச்சு ரெண்டும் வீணாப் போகும், தனித்தனியா போடுங்க.

தர தொடைக்க புல்தைலம், அதான் லெமன்கிராஸ் எண்ணெய், சின்ன பாட்டில் இருக்கு, பக்கெட் தண்ணிக்கு சில சொட்டு போதும், எறும்பும் ஈயும் கொறையுது. இது மட்டும் அவங்க காய்ச்சறது இல்ல, மலைப்பக்கத்துல இருந்து வாங்கி ஊத்தி விக்கறாங்க, மறைக்காம சொல்றாங்க.

ஜிபே இருக்கு, ஆனா அங்க டவர் எடுக்கறதில்ல, காசு கொண்டு போங்க. சொந்த கேன் கொண்டு போனா லிட்டருக்கு 10 ரூபா கம்மி. மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் தட்டினாலும் தொறக்க மாட்டாங்க. பஸ்ல போறவங்க மீன் அமில கேன் மூடிக்கு கீழ ஒரு பாலிதீன் கவர் வச்சு திருகி எடுத்துட்டு வாங்க, கண்டக்டர் எறக்கி விட்டா நான் பொறுப்பில்ல.