பிளாஸ்மாவில் அன்டிபயோட்டிக் அளக்க: யூவியா, மாஸ் ஸ்பெக்கா?

கொழும்பில் பொரளைப் பக்கம் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், ஐ.சி.யூ. நோயாளிகளின் பிளாஸ்மாவில் மெரோபெனம் என்ற அன்டிபயோட்டிக்கின் அளவு பார்க்க எந்தக் கருவி என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. இரண்டும் திரவத்தை ஒரு குழாய் வழியே ஓட்டி அதிலுள்ள பொருள்களைப் பிரிப்பவை. ஒன்று, பிரிந்து வருவதை அது உறிஞ்சும் புறஊதா ஒளியால் அளக்கும் யூவி டிடெக்டர் பூட்டிய சாதாரண எச்.பி.எல்.சி., மற்றது, மூலக்கூறின் நிறையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் பூட்டிய ட்ரிபிள் குவாட் எல்.சி.எம்.எஸ். யூவியை எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மாஸ் ஸ்பெக்கின் பெருமை தெரிந்ததுதான்: ஓர் ஓட்டம் சில நிமிடம், ஒருமுறை ஏற்றிய மாதிரியிலேயே பல மருந்து, நானோகிராம் வரை பிடிக்கும். ஆனால் மெரோபெனம் பிளாஸ்மாவில் லீற்றருக்கு 2, 8, 20 மில்லிகிராம் என்று நிற்கிற சாமான். அதற்கு எதற்கு நானோகிராம்? யூவியை 300 நானோமீற்றரில் வைத்தால் 1 மில்லிகிராமுக்குக் கீழேயும் பீக், அதாவது வரைபில் மருந்து காட்டும் கூம்பு, தெளிவாக வருகிறது. 200 மைக்ரோலீற்றர் பிளாஸ்மாவில் அசிற்றோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டுக் குலுக்கினால் புரதம் திரிந்த பால் மாதிரிக் கட்டும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து, மேலே நிற்கும் தெளிவைக் கொஞ்சம் பஃபர் விட்டு நீர்த்து ஏற்றினால் சரி.

எங்களுக்கு விஷயத்தை முடித்து வைத்தது கரண்ட். மாஸ் ஸ்பெக் வெற்றிடத்தில் உயிர் வாழ்கிற கருவி, பம்ப் இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்க வேண்டும், நைதரசனும் நிற்காமல் வர வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது வேறோர் இடத்தில் அப்படி ஒரு கருவியோடு மல்லுக்கட்டினேன். யூ.பி.எஸ். அரை மணி தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, கரண்ட் வந்த பிறகு வெற்றிடம் பிடிக்க ஓர் இரவு, அப்புறம் டியூனிங், அப்புறம் கலிப்ரேஷன், அதற்குள் அடுத்த வெட்டு. பம்ப் பழுதானதும் உதிரிப்பாகத்துக்கு டொலர் தேடி அலைந்தார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லைதான், ஆனால் அந்த உறுமல் நின்று போன அறையின் அமைதி எனக்கு மறக்கவில்லை.

எச்.பி.எல்.சி. கரண்ட் போனால் சும்மா கிடக்கும், வந்தால் ஒரு மணி நேரத்தில் பேஸ்லைன் (வரைபின் அடிக்கோடு) நேராகும். பம்ப் சீல், டியூட்டேரியம் விளக்கு எல்லாம் நாங்களே மாற்றுகிறோம். மாஸ் ஸ்பெக்கில் விடவே கூடாத மலிவான பொஸ்பேற் பஃபரும் (உப்புக் கரைசல்) இதில் ஓடும். ஒரேயொரு கண்டிப்பு, வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருமுறை போனேன், திங்கள் காலை பம்ப் தலையில் உப்பு பூத்திருந்தது.

யூவி எல்லாவற்றுக்கும் ஆகாது. ஜென்ராமைசின் என்ற அன்டிபயோட்டிக் அதன் கண்ணுக்குத் தெரியாது, ஒளியை உறிஞ்சும் பகுதி அந்த மூலக்கூறில் இல்லை. அதற்கும் வன்கோமைசின் என்ற இன்னொன்றுக்கும் அன்டிபொடி கொண்டு அளக்கும் இம்யூனோஅசே போதும், அவசரத்துக்கு அதுதான் வேகம். பத்துப் பன்னிரண்டு மருந்து ஏறும் நோயாளியின் பிளாஸ்மாவில் வேறொரு பீக் வந்து மெரோபெனத்தின் மேல் உட்காரும், அந்தச் சந்தேகம் மாஸ் ஸ்பெக்கில் குறைவு. முள்ளந்தண்டுத் திரவம் நான் ஓட்டியது நாலைந்து மாதிரிதான். அளவு குறைந்து பீக் நடுங்கியது, அங்கே மாஸ் ஸ்பெக்குக்கே என் வாக்கு.

எதை வாங்கினாலும் மாதிரி வருகிற வழியைப் பாருங்கள். அறை வெப்பத்தில் மெரோபெனம் சிதைந்துகொண்டே போகும். எங்கள் வாசலில் ரிஜிஃபோம் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்றுதான்.