தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட்: மூட்டு தெரிகிறதா?

காத்தான்குடியிலுள்ள ஹாட்வெயார் கடையொன்றில் பதின்மூவாயிரம் ரூபாயளவில் வாங்கிய, தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட் ஒன்றைக் கல்லடியிலுள்ள எங்கள் கேற், கிரில் பட்டறையில் கடந்த பெரும்போக அறுவடைக்கு முன்பிருந்தே பாவித்து வருகிறோம். அதன் மற்றச் சிறப்புகளைக் கடைக்காரர்கள் குறைவில்லாமல் சொல்லிவிடுவார்கள் என்பதால், இதைப் போட்டுக்கொண்டால் இரும்புத் துண்டுகளை ஒட்டவேண்டிய மூட்டு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்ற ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கையில் பிடிக்கும் பழைய ஷீல்டின் கறுப்புக் கண்ணாடி வழியே, வெல்டிங் மின்சுடர் பற்றும் வரைக்கும் எதுவும் தெரியாது. வெல்டிங் கம்பியின் (எலக்ட்ரோட்) நுனியை மூட்டுக்கு நேரே வைத்து, ஷீல்டை முகத்துக்குக் கொண்டுவந்து, குத்துமதிப்பாக உரசித்தான் தொடங்க வேண்டும். 1.2 மி.மீ. தடிப்புள்ள பொக்ஸ் பாரில் (உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்) அந்த உரசல் சற்று விலகினாலும் வெளிமுகத்தில் ஒரு வடு விழும், அல்லது ஓட்டையே விழும். பிறகு கிரைண்டரால் தேய்ப்பது தனி வேலை. புதிய ஹெல்மெட்டின் கண்ணாடி சுடரைக் கண்ட பிறகே கறுக்கிறது; அதுவரை அதன் வழியே மூட்டைப் பார்க்கலாம். கறுக்காத அந்த நிலை ஷேட் 4 (ஷேட் என்பது கறுப்பின் அளவு; இலக்கம் கூடினால் கறுப்பும் கூடும்). அது வெளிச்சத்தில் நூற்றில் ஐந்து பங்கை உள்ளே விடுகிறது. இன்னும் சற்று விலை கூடியவற்றில் இந்த நிலை ஷேட் 3, அதாவது ஏறத்தாழ நூற்றில் பதினான்கு பங்கு. நிழலான பட்டறையில் வேலை செய்பவருக்கு இந்த ஐந்துக்கும் பதினான்குக்கும் இடையிலான வித்தியாசம்தான் காசு கொடுக்கத்தக்கது. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 1/25,000 செக்கனா 1/30,000 செக்கனா என்ற, கண்ணாடி கறுக்கும் வேகக் கணக்கை எந்தக் கண்ணும் பிரித்தறியாது.

கறுத்த பின் தெரியும் காட்சியிலும் முன்னேற்றம் உண்டு. பழைய கண்ணாடியில் எல்லாமே ஒரே பச்சையாகத் தெரியும். இது உண்மை நிறத்துக்குக் கிட்டவாகக் காட்டுவதால், உருகிய இரும்பும் அதன்மேல் மிதக்கும் கசடும் வேறுவேறாகப் பிரிந்து தெரிகின்றன. 6013 என்ற வகை வெல்டிங் கம்பியால் மூலை மூட்டு ஒட்டும்போது கசடு முன்னால் ஓடிச் சுடரை மறிப்பதை அப்போதே கண்டு கம்பியின் சரிவை மாற்ற முடிகிறது. எங்களிடம் பழகும் பையன்கள் இதனால் விரைவாகக் கை திருந்தினார்கள்.

ஷேட் இலக்கத்தைத் தெரிவதில் பலரும் தேவைக்கு மேல் கறுப்பாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு படி குறைத்தால் உள்ளே வரும் வெளிச்சம் சுமார் 2.7 மடங்காகிறது, ஆகவே 11இல் மூட்டு தெரியவில்லை என்று முறையிடுபவருக்கு 10இல் அது தெரியக்கூடும். 60 முதல் 160 அம்பியர் வரையான கம்பி வெல்டிங்குக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் பரிந்துரைப்பது ஷேட் 10, குறைந்தபட்சம் 8. தரமான கண்ணாடியில் புறஊதாக் கதிரையும் வெப்பக் கதிரையும் தடுக்கும் அடுக்கு எப்போதும் இருப்பதால், இலக்கத்தைக் குறைப்பது அந்தத் தடுப்பைக் குறைப்பதாகாது. தரமானதா என்று பார்க்க, புதிய தரநிலை வருமுன் பாவித்த ஐரோப்பியத் தரக் குறியான ஈ.என். 379ஐயும், அதன் பக்கத்தில் 1/1/1/2 என்பதுபோல வரும் நான்கு இலக்கங்களையும் தேட வேண்டும். முதல் இலக்கம் பார்வையின் தெளிவு, இரண்டாவது வெளிச்சம் சிதறுவது, மூன்றாவது கறுப்பு எங்கும் ஒரே சீராக இருப்பது, நான்காவது சாய்த்துப் பார்க்கும்போது மாறாமல் இருப்பது. 1 சிறந்தது, 3 கடைசி.

ஆனால் இத்தனையும் வெளியே மாட்டியிருக்கும் ஒளிபுகு தகட்டில் புகைப்படலம் படிந்தால் வீண். கடற்காற்றின் உப்புப் பிசுபிசுப்போடு வெல்டிங் புகையும் சேர்ந்து அதன்மேல் மெல்லிய பழுப்பு நிறமாகப் படிகிறது. பார்ப்பவர் ஹெல்மெட்டின் பற்றறி பழுதென்றே நினைப்பார். தகட்டைக் கழற்றி வெள்ளைக் கடதாசியின்மேல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பொறி பட்டுப் புள்ளி விழுந்த தகட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அடுத்த எதிரி முதுகுப் பக்கத்து வெயில். எங்கள் பட்டறையின் வாசல் கிழக்கே கடலைப் பார்த்தது; காலை வெயில் ஹெல்மெட்டுக்குள் பின்புறமாகப் புகுந்து, கண்ணாடியில் என் மூக்கையே எனக்குக் காட்டும். ஹெல்மெட்டின் பின்விளிம்பில் தடித்த பருத்தித் துணியொன்றைக் கழுத்து வரை தொங்கவிட்டதும் அது தீர்ந்தது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும் நைலோன் துணி வேண்டாம்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஹெல்மெட்டை மதிப்பிட முடியாது. ஷேட் 4 வழியே பார்க்க வேலையிடம் நல்ல வெளிச்சமாக இருக்க வேண்டும். கூரையில் எரியும் குழல் விளக்கு அதற்குப் போதாது. காந்தக் கால் உள்ள எல்.ஈ.டி. விளக்கொன்றைப் பக்கவாட்டில், சற்று முன்னால், தாழ்வாகப் பொருத்தினால் சோக் கோடும் மூட்டின் இடுக்கும் நிழலோடு எழும்பித் தெரிகின்றன. தலைக்குப் பின்னால் வைத்தால் வெயிலின் தொல்லைதான் திரும்ப வரும். அறுவடைக் காலத்தில் இரவில் அம்பாறைப் பக்கத்து வயலில் உழவு இயந்திரப் பெட்டியின் அடியில் படுத்துக்கொண்டு ஒட்டும்போது இதன் அருமை விளங்கியது. ஈரத் தரையில் மின்கம்பி இழுக்காமல் பற்றறி விளக்கைக் கொண்டுபோவது நல்லது. சில எல்.ஈ.டி. விளக்குகளின் துடிப்பைச் சுடரென்று எண்ணி ஹெல்மெட் வீணாகக் கறுக்கும். உணர்திறன் குமிழைச் சற்றுக் குறைத்தால் அடங்கிவிடும்.

குறைகளும் இல்லாமலில்லை. தலைப்பட்டியின் பல்சக்கரம் வியர்வையில் வழுக்கி, குனியும்போதெல்லாம் ஹெல்மெட் கீழிறங்குகிறது. உட்புறத் தகடு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கிடைக்காமல் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியதாயிற்று. வாங்கும்போதே நாலைந்து தகடுகளைச் சேர்த்து வாங்குவது புத்தி.

வெள்ளெழுத்து வந்தவர்கள் இன்னொன்றையும் கடையிலேயே பார்த்துக்கொள்ளட்டும்: கண்ணாடிக்கு உட்புறம் 51க்கு 108 மி.மீ. அளவான உருப்பெருக்கி வில்லையைச் செருக இடமிருக்கிறதா என்பது. 1.00 முதல் 2.50 வரை வலுவுள்ள வில்லைகள் ஹெல்மெட்டின் விலையோடு பார்த்தால் அற்ப காசுக்குக் கிடைக்கின்றன. எங்களுடையதில் இடமிருக்கிறது, பட்டறையின் மூத்த வெல்டர் அதைச் செருகிய நாளிலிருந்து ஹெல்மெட்டை வேறெவர் கையிலும் கொடுப்பதில்லை.