படத்துக்கு ஸ்டார் போடுற வேலைன்னு 38,500 ரூபாய் போச்சு

"புதுப்படத்துக்கு ரேட்டிங் போடுங்க, வீட்டிலிருந்தே சம்பாதிங்க"ன்னு யாராவது மெசேஜ் பண்ணா உடனே பிளாக் பண்ணுங்க. என் 38,500 ரூபாயைச் சுருட்டிட்டானுங்க. எப்படி உஷாரா இருக்கணும்னு கடைசியில எழுதுறேன்.

பார்க்கிற படத்தைப் பத்தி நாலு வரி எழுதுறது என் பழக்கம். சமீபத்துல ஒரு பேய்ப்படத்துக்கு, "இடைவேளைக்கு அப்புறம் பேய்க்கே தூக்கம் வந்துடுச்சு"ன்னு எழுதியிருந்தேன். சினிமா விளம்பரக் கம்பெனின்னு சொல்லி வந்த பொண்ணு அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, "சார், இப்படிக் கவனிச்சுப் பார்க்கிறவங்கதான் எங்களுக்கு வேணும்"னா. வெறும் வேலை மெசேஜா இருந்தா திறந்தே இருக்க மாட்டேன். இதை எழுதினவன் யாரு, எதை எழுதினா மயங்குவான்னு தேடிப் படிச்சிட்டு வந்திருக்காங்க.

அவங்க சைட்ல போஸ்டர் வரும், அஞ்சு ஸ்டார் போடணும். ஒரு மொக்கைப் படத்துக்கு ரெண்டு ஸ்டார் போட்டேன், "டாஸ்க் செல்லாது"ன்னு வந்துச்சு! (விமர்சகருக்கு மரியாதை அவ்வளவுதான்.) முதல்ல 210 ரூபாய் நிஜமாவே என் பேங்க் கணக்குக்கு வந்துச்சு. அப்புறம் "காம்போ"ன்னு மூணு போஸ்டர் சேர்ந்து வரும், அந்த சைட்ல இருக்கிற என் வாலட் கணக்கு மைனஸ்ல போகும். ரீசார்ஜ் பண்ணாத்தான் எடுக்க முடியுமாம். 5,500, அடுத்து 12,000, அடுத்து 21,000. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் பேர்ல யுபிஐ. குரூப்ல இருந்த மத்தவங்க எல்லாரும் "எனக்கு வந்துடுச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கிட்டே இருந்தாங்க. அத்தனை பேரும் அவங்க ஆளுங்கதான்.

வாலட்ல 57,300 காட்டுது, எடுக்க முடியல. கேட்டா, "உங்க கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சிடுச்சு சார்." மறுபடி கேட்டா, "20 சதவீதம் வரி கட்டுங்க, ரிலீஸ் ஆயிடும்." கத்தினதும் குரூப்லயிருந்தே தூக்கிட்டாங்க. பேங்க்ல போய் நின்னா, "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்றது?"ன்னு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன் 1930க்கு போன் போட்டுப் புகார் பதிஞ்சாச்சு, ஆனா அதுக்குள்ள 38,500ம் கைமாறிடுச்சு.

விவரமா எழுதுற நிலைமையில இல்ல. சம்பளம் தர்றவன் உங்ககிட்ட முன்பணம் கேட்க மாட்டான். வரின்னா குடுக்கிற காசுலயே பிடிச்சுக்குவாங்க, உங்களைத் தனியா அனுப்பச் சொல்ல மாட்டாங்க. பணம் போனா முதல்ல 1930, பேங்க் அப்புறம். சீக்கிரம் சொன்னாத்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு. "போன பணத்தை மீட்டுத் தர்றேன்"னு வக்கீல் போட்டோ வச்சுக்கிட்டு வர்றவனையும் நம்பாதீங்க. எனக்கு நேத்தே ஒருத்தன் வந்துட்டான், பீஸ் 3,000மாம்.