ஹாம்பர்க்கில் ஒரு நாள்: எது தேறும், எது தேறாது

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரம்தான், ஆனால் கடற்கரை ஊர் இல்லை. வட கடல் இங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குள் ஓடுவது எல்பே ஆறு. ஆனாலும் கடலின் ஏற்றவற்றம் ஆற்று வழியாக உள்ளே வந்து, துறைமுகத்துத் தண்ணீரைத் தினம் இரண்டு முறை மூன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றி இறக்குகிறது. இதைக் கவனிக்காமல் படகுச் சீட்டு வாங்கியவர்கள்தான் 'கால்வாய்க்குள் போகவே இல்லை' என்று புலம்புகிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு நாளில் இரண்டு மியூசியம் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் மிஞ்சுவது கால்வலி. குன்ஸ்ட்ஹாலே ஓவியக்கூடம் போன்றவை திங்கட்கிழமை மூடியிருக்கும். கீழே சொல்லும் இரண்டும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும்.

காலையில் முதலில் மினியாட்டூர் வுண்டர்லாண்ட். பாம்வால் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். பிரவுன் என்ற இரட்டையர் 2001இல் தொடங்கிய மாதிரி ரயில் உலகம் இது. 'பொம்மை ரயில்தானே' என்று ஒதுக்க வேண்டாம். அளவு 1:87. அதாவது ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தில் கல்யாணம், தீ விபத்து, போலீஸ் துரத்தல் எல்லாம் மூலைக்கு மூலை நடக்கின்றன. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கூடம் முழுக்க அந்தி மங்கி, வீட்டுக்கு வீடு விளக்கு ஏறி, மறுபடி விடியும். 2011இல் திறந்த விமான நிலையத்தின் முன்னால் இப்படி ஒரு முழு 'நாள்' நிற்பது நல்லது. விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து, மூக்கைத் தூக்கி, சுவர்த் துளைக்குள் மறையும். ஸ்காண்டிநேவியப் பகுதியில் கப்பல்கள் மிதப்பது 30,000 லிட்டர் நிஜத் தண்ணீரில். சுவிட்சர்லாந்தில் சாக்லேட் ஆலையின் பொத்தானை அழுத்தினால் உள்ளே இயந்திரம் ஓடி நிஜ சாக்லேட் துண்டு வந்து விழும்.

சீட்டு குறிப்பிட்ட நேரத்துக்கானது. இணையத்தில் முன்பே எடுக்காமல் பள்ளி விடுமுறையிலோ மழை நாளிலோ போய் நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். காலையின் முதல் நேரம், இல்லையென்றால் மாலை ஆறுக்குப் பிறகு. நடுப்பகலில் தடுப்புக் கம்பியோரம் மூன்று வரிசை ஆள் நிற்கும். பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெளியே வந்தால் நிற்பதே ஷ்பைகர்ஷ்டாட், செங்கல்லால் கட்டிய கிடங்குகளின் வட்டாரம். 1888இல் திறந்தது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. காப்பி, தேயிலை, மிளகு, ஏலம், கம்பளம் எல்லாம் வரி கட்டாமல் இறங்கிக் குவிந்த இடம். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தெரு. முகட்டில் துருத்தி நிற்கும் கூரைக்கு அடியில் பாருங்கள், மூட்டை தூக்கிய பாரந்தூக்கி இன்னும் இருக்கிறது. இதற்குக் கட்டணம் கட்ட வேண்டாம், நடந்தாலே போதும். எல்லோரும் படம் எடுக்கும் இடம் போகென்ம்யூலன் பாலம். விளக்கு ஏறிய பிறகுதான் அது அழகு.

கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்வதேசக் கடல்சார் மியூசியம். கட்டடமே 1879இல் கட்டிய கிடங்கு. பத்துத் தளங்கள், அவற்றை 'டெக்' என்றுதான் எண்ணுகிறார்கள். பலர் கீழிருந்து தொடங்கி ஐந்தாம் டெக்கிலேயே களைத்துவிடுகிறார்கள். லிஃப்டில் நேராக ஒன்பதுக்குப் போய்ப் படியில் இறங்கி வாருங்கள். மேலே கண்ணாடிப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் 1:1250 அளவுக் கப்பல்கள். குயின் மேரி 2 நிஜத்தில் 345 மீட்டர் நீளம். இந்த அளவில் வெறும் 28 சென்டிமீட்டர். அதே கப்பலை ஏறக்குறைய 7.8 லட்சம் லெகோ கட்டைகளால் கிட்டத்தட்ட ஏழு மீட்டருக்குக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். எட்டாம் டெக்கில் எலும்புக் கப்பல்களை விட்டுவிடாதீர்கள். நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்துச் சிறையில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சீவிச் செய்தவை. பாய்மரக் கயிறு நூல் நூலாகத் தெரியும். ஐந்தாம் டெக் போர்க்கடற்படைகளுக்கு. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டு, நம் பேச்சில் 'எம்டன்' என்ற சொல்லை விட்டுப்போன கப்பலும் ஜெர்மன் கடற்படையுடையதுதான். சீருடை, பதக்கம் அளவுக்கு மீறி அடுக்கியிருப்பது இந்த மியூசியத்தின் குறை. அங்கே வேகமாக நடக்கலாம்.

எல்ப்ஃபில்ஹார்மோனி 2017 ஜனவரியில் திறந்த கச்சேரி மண்டபம். நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கி 789 மில்லியனில் முடிந்த கட்டடம். 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாசா என்ற பார்வை மேடைக்குக் கச்சேரிச் சீட்டு தேவையில்லை, பிளாசாச் சீட்டு வேண்டும். ஏறும் நகரும் படி வில்லாக வளைந்திருப்பதால் கீழிருந்து முடிவு தெரியாது. மேலே காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி படகு. ஷ்பைகர்ஷ்டாட் கால்வாய்களுக்குள் போகும் சிறு படகுகள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே புறப்படும். மிகவும் வற்றினால் அடி தட்டும், மிகவும் ஏறினால் பாலத்தில் தலை தட்டும். சீட்டு வாங்கும் முன் 'இந்தச் சுற்று கால்வாய்க்குள் போகுமா' என்று கேளுங்கள். இல்லை என்றால் காசை மிச்சம் பிடித்து லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையில் 62ஆம் எண் படகு ஏறுங்கள். இது நகரப் போக்குவரத்தின் பகுதி, ரயிலுக்கு எடுத்த நாள் சீட்டே செல்லும். ஃபின்கன்வெர்டர் வரை சுமார் அரை மணி நேரம். போகும்போது மேல்தளத்தில் வலப்பக்கம் மீன் சந்தை மண்டபம், கப்பல் வடிவ டாக்லாண்ட் கட்டடம், பிறகு மணல் கரை. திரும்பும்போது நோய்ம்யூலனில் இறங்கினால் அந்த மணலில் உட்கார்ந்து எதிர்க்கரையில் கிரேன்கள் கன்டெய்னர் அடுக்குவதைப் பார்க்கலாம். கட்டணச் சுற்றுலாப் படகில் கிடைக்கும் காட்சியில் பெரும்பங்கு இதிலேயே கிடைத்துவிடும்.

சாப்பாட்டுக்குத் துறையிலேயே ஃபிஷ்ப்ரோட்சன், ரொட்டிக்குள் மீன். 'பிஸ்மார்க்' என்றால் வினிகரில் ஊறிய ஹெர்ரிங், புளிப்பு தூக்கலாக இருக்கும். 'மாட்யெஸ்' உப்பில் பதப்படுத்தியது, மெத்தென்று வெண்ணெய் மாதிரி. வறுத்தது வேண்டுமென்றால் 'பாக்ஃபிஷ்' கேளுங்கள். கூரைக்கு அடியில் நின்று சாப்பிடுங்கள், கடற்காகம் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். சைவர்களுக்குப் பேக்கரியில் ஃப்ரான்ஸ்ப்ரோட்சன், இலவங்கப்பட்டையும் வெண்ணெயும் மடித்துச் சுட்ட இனிப்பு ரொட்டி.

இருட்டும் நேரத்துக்குப் பழைய எல்பே சுரங்கம். அதே துறையில் குவிமாடக் கட்டடத்துக்குள் வாசல். 1911இல் திறந்தது, 426 மீட்டர் நீளம், சுமார் 24 மீட்டர் ஆழம், நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. சுவரோட்டில் மீன்களும் நண்டுகளும் புடைப்பாகச் செதுக்கியிருக்கின்றன. மறுகரையில் ஏறி வெளியே வந்தால் நகரம் முழுக்க விளக்கோடு எதிரே நிற்கும். திரும்பும்போது லிஃப்ட் முன்னால் சைக்கிள்கள் வரிசை கட்டியிருந்தால் படிக்கட்டே வேகம்.