எது பெரிய மலை: பீதுருதாலகாலையா, சிவனொளிபாதமலையா?

இலங்கையிலேயே உயரம் பீதுருதாலகாலைதான், 2524 மீட்டர். சிவனொளிபாதமலை 2243. ஆனாலும் மழை கழுவிவிட்ட காலையில் கொழும்பு மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணில் படுவது இரண்டாவதன் கூர்முனைதான், ஏனென்றால் அது மலைநாட்டின் மேற்கு விளிம்பில் நின்று இரத்தினபுரிப் பக்கத் தாழ்நிலத்துக்குச் சட்டென்று இறங்குகிறது. பீதுருவோ ஏற்கெனவே 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு மேலே எழும்புவதால் ஊரிலிருந்து பார்த்தால் காடு மூடிய பெரிய மேடு மாதிரித்தான் தெரியும், உச்சியில் ரூபவாஹினித் தொலைக்காட்சிக் கோபுரமும் இராணுவக் காவலும்.

நடந்து ஏற ஆசையா? மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) வெசாக் பண்டிகை வரை நல்லதண்ணி வழியாக சிவனொளிபாதம் போங்கள். விடியும்போது மேற்கே திரும்பிப் பாருங்கள், மலையின் நிழல் முக்கோணமாக விழும். நம் களனி கங்கையும் அந்தப் பக்கத்து மலைகளில் பிறந்துதான் கொழும்புக்கு வருகிறது. எனக்கு இதுதான் பெரிய மலை.