வயிற்று ஸ்கானா, உள் ஸ்கானா? இடுப்புப் பகுதிப் பரிசோதனையின் இரு முறைகள்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக்கிலோ நகரின் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றிலோ இடுப்புப் பகுதி ஸ்கானுக்குத் துண்டு எழுதிக் கொடுக்கப்படும் பெண்களில் பலருக்கு, அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வேறுபட்ட முறைகள் இருப்பது பரிசோதனை அறைக்குள் போன பிறகே தெரியவருகிறது. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது ஒன்று. மெல்லிய கருவியை யோனி வழியாகச் செலுத்திப் பார்ப்பது மற்றொன்று. இரண்டும் ஒலியலைகளாலேயே படம் எடுக்கின்றன. எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இரண்டிலும் இல்லை. ஆனால் ஆயத்தமும் அனுபவமும், கண்டறியக்கூடியவையும் கணிசமாக வேறுபடுகின்றன.

வயிற்று ஸ்கானுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஸ்கானில் பயன்படும் அதிக அதிர்வெண் ஒலியலைகள் காற்றைக் கடப்பதில்லை. நிறைந்த சிறுநீர்ப்பை காற்று நிரம்பிய குடலை மேலே ஒதுக்கிவிட்டு, கருப்பையையும் சூலகங்களையும் பார்ப்பதற்கான வழியாகத் தானே அமைகிறது. இதற்காகப் பொதுவாகச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் முக்கால் முதல் ஒரு லீற்றர் வரை தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் காத்திருக்கச் சொல்வார்கள். புல்மோட்டையிலிருந்தோ மூதூரிலிருந்தோ பேருந்தில் வருபவர்கள் வீட்டிலேயே குடித்துவிட்டுப் புறப்பட்டால் பெரும்பாடு படுவார்கள். போத்தலைக் கையோடு கொண்டுவந்து, தமது முறை எப்போது வரும் என்று தாதியிடம் கேட்டறிந்த பின் குடிப்பதே நல்லது. சிறுநீரக நோய்க்காகவோ இதய நோய்க்காகவோ தண்ணீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவைக் குடிக்கக் கூடாது. என் கணிப்பில் இம்முறையின் உண்மையான சிரமம் இந்தக் காத்திருப்புத்தான். கருவியால் அடிவயிற்றில் அழுத்தும்போது பொதுவாக நோவு ஏற்படுவதில்லை, சிறுநீர் முட்டுவதுதான் பொறுக்க முடியாததாகிறது.

உள் ஸ்கானில் நிலைமை நேர்மாறு. சிறுநீரைக் கழித்துவிட்டே படுக்க வேண்டும். கருவிக்கு ஆணுறை போன்ற உறை மாட்டி, ஜெல் தடவி, சில சென்றிமீற்றர் மட்டுமே மெதுவாகச் செலுத்துவார்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்கு இலேசான அசௌகரியமே ஏற்படும். நோவு இருந்தால் உடனே சொல்லி நிறுத்தச் சொல்லலாம். மாதவிடாய் நாட்களிலும் இதைச் செய்யலாம் என்பதால், அதற்காகத் திகதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எது கூடுதலாகக் காட்டும் என்பதற்கு, எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். உள் ஸ்கானின் கருவி உறுப்புகளுக்கு மிக அருகில் இருப்பதால் அதிக அதிர்வெண் கொண்ட அலைகளைப் பயன்படுத்த முடிகிறது. அவை நுண்மையான படத்தைத் தருகின்றன, ஆனால் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே, கருப்பையின் உட்படலத்தின் தடிப்பை அளக்கவும், சூலகத்தின் சிறு நீர்க்கட்டிகளைப் பிரித்தறியவும், ஆரம்பக் கர்ப்பத்தைப் பார்க்கவும் இதுவே சிறந்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால், சுமார் ஐந்தாவது வாரத்தில் கருவைச் சுற்றி உருவாகும் சிறு பையையும், ஆறாவது வாரத்தை ஒட்டி இதயத் துடிப்பையும் இதில் காணலாம். வயிற்று ஸ்கானில் இவை ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தியே தெரியும். கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழும்போது அந்த ஒரு வாரம் உயிர் சம்பந்தப்பட்டது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு பக்க வயிற்றுவலியும் தலைச்சுற்றலும் வந்தால், ஸ்கானுக்கு முறை எடுத்துக்கொண்டு காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் படும் பெண்களிலும் உள் ஸ்கானின் அளவீடு முக்கியமானது: உட்படலம் 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. இந்த இரு சந்தர்ப்பங்களிலும் வெட்கத்தின் காரணமாக அதை மறுத்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மறுபுறம், இடுப்பைத் தாண்டி மேலே வளர்ந்த, கருப்பையின் பெரிய நார்க்கட்டியை உள் ஸ்கானால் முழுமையாகக் காண முடியாது. அதற்கு வயிற்று ஸ்கான்தான் வேண்டும். சில வேளைகளில் முதலில் வயிற்றின் மேலும், பின்னர் சிறுநீர் கழித்துவிட்டு உள்ளேயும் பார்ப்பார்கள். இரண்டையும் செய்வதால் நோய் பெரிதென்று பொருளில்லை.

பாலுறவு அனுபவம் இல்லாத பெண்களுக்கு வழக்கமாக வயிற்று ஸ்கானே செய்யப்படுகிறது. ஆகவே மகளைக் கூட்டிச்செல்லும் தாய்மார் இதையிட்டு அஞ்ச வேண்டியதில்லை. திருமணமானவராயினும், பெண்ணின் சம்மதமின்றி உள் ஸ்கான் செய்யக் கூடாது. பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால், பெண் தாதி ஒருவரை உடனிருக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

எந்த முறையாயினும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்னைய ஸ்கான் அறிக்கைகள் இருந்தால் அவசியம் கொண்டுபோக வேண்டும். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதை அவற்றோடு ஒப்பிட்டே மருத்துவர் சொல்வார்.